உப்புப் போட்ட ஐஸ்

எஸ்தர் ஓராண்டு பாடுபட்டு மனிதச் செல்களிலிருந்து பிரித்தெடுத்த நொதி, அவள் கையிலிருந்த ஐஸ் பெட்டிக்குள், ஒரே ஒரு சின்னக் குழாயில் இருந்தது. டி.என்.ஏ.வின் முறுக்கிய இரண்டு இழைகளைப் பிரித்துவிடும் நொதி அது. சூடுபட்டாலும் கெட்டுவிடும், உறைந்தாலும் கெட்டுவிடும். புதுச்சேரியிலிருந்து திருவண்ணாமலைக்குச் சோதனைக்குக் கொண்டுபோகும் வழியில், பஸ் மாறச் செஞ்சியில் நின்றிருந்தாள். அன்று அமாவாசை என்பதை மறந்துவிட்டாள். வந்த பஸ்ஸெல்லாம் அமாவாசைக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கே போயின. ஐஸ் தண்ணீராகிக்கொண்டிருந்தது. அங்கே நின்ற குல்ஃபி வண்டிக்காரரிடம் ஓடினாள்.

"அண்ணா, கொஞ்சம் ஐஸ் குடுங்க."

"இன்னாம்மா பொட்டியில, மீனா?"

"மருந்து மாதிரிண்ணா. சூடு ஆவக்கூடாது."

பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு அவள் திரும்பியபோது, அவர் ஐஸை நிரப்பி, தொழில் பழக்கத்தில் ஒரு பிடி கல்லுப்பும் போட்டுக் கிளறியிருந்தார்.

"ஐயோ, உப்பு எதுக்குண்ணா?"

"உப்பு போட்டாத்தாம்மா கல்லு மாதிரி உறையும்!"

குழாயைப் பிடுங்கி எடுத்தாள். பார்க்கவும் பயம், பார்க்காமலிருக்கவும் பயம். சாய்த்தாள். உள்ளே இருந்த சொட்டு அசையவில்லை. இன்னும் சாய்த்தாள். அது மெல்ல வழிந்து இறங்கியது; உறைந்திருக்கவில்லை.

"வேற ஐஸ் குடுங்கண்ணா, உப்பு இல்லாம," என்றாள். பெட்டியிலிருந்த உப்பு ஐஸைக் கீழே கொட்டினாள்.