அவர் பெயரை நான் சொன்ன நாள்

பிரியமான சபையாரே, என் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல், போர் முடிந்து பன்னிரண்டு வருடம் தவித்தவள் நான்.

அவர் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் காயங்களுக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர். சிங்கப்பூர், ஜப்பான்காரர் கையில் விழுந்தபோது கைதியாகப் பிடிபட்டார். சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோனதாகக் கேள்விப்பட்டேன். போர் முடிந்து மற்றவர்கள் திரும்பினார்கள். அவர் வரவில்லை. சின்னப் பிள்ளை ரூத்தை வைத்துக்கொண்டு சிராங்கூன் ரோட்டு வீட்டில் அழாத நாள் இல்லை.

கைதிகளைப் பற்றி விசாரிக்க அரசாங்க ஆபீசுக்குப் போனேன். குமாஸ்தா கணவர் பெயரைக் கேட்டார். கட்டியவர் பெயரை வாயால் சொல்வது எங்களுக்குள் வழக்கமில்லை. கூட வந்த பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்தேன்.

“ராஜு. டிரெஸ்ஸர் ராஜுன்னா எல்லாருக்கும் தெரியும்” என்றார் அக்கா. நானும் தலையாட்டினேன். அந்தப் பெயரில் கைதி யாரும் இல்லை என்று கடிதம் வந்தது.

தினமும் ஜெபித்தேன். அதிலும் “அவரைத் திருப்பித் தாரும்” என்றுதான் கேட்பேன். யாரைச் சொல்கிறேன் என்று ஆண்டவருக்குத் தெரியும். ஆபீசுக்குத்தான் தெரியவில்லை.

ரூத்துக்குக் கல்யாணம் நிச்சயமானது. “அப்பா பேருக்கு முன்னால காலஞ்சென்றன்னு போடணுமாம்மா?” என்று அச்சகத்தில் கேட்டார்கள். கல்யாணப் பத்திரிகையை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து முழங்காலில் நின்றேன். “உயிரோ சாவோ, எனக்குத் தெரியப்படுத்தும்” என்று அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

அந்த வாரமே ரூத் பேப்பரில் ஒரு செய்தியை வாசித்தாள். திரும்பி வராத கைதிகளைப் பற்றிச் சட்டமன்றத்தில் ஓர் உறுப்பினர் கேள்வி கேட்டிருந்தார். பழைய கோப்புகளை மறுபடி பார்க்க ஒரு குழு போட்டு, குடும்பத்தாரைக் கூப்பிட்டார்கள்.

அங்கேயும் கணவர் பெயர் என்ன என்று அதே கேள்வி. நான் ரூத்தைப் பார்த்தேன்.

“மக சொல்லக் கூடாதும்மா. மனைவி நீங்கதான் சொல்லணும்” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

ஆண்டவரே, துணை நில்லும் என்று மனதுக்குள் கெஞ்சினேன். “ஞானமுத்து சாமுவேல்” என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் கோப்பைப் புரட்டினார். “இதுல ராஜுன்னு இருக்கே?”

“அது கூப்பிடுற பேருங்க.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடமும் அவர்கள் வேறு யாரையோ தேடியிருக்கிறார்கள்.

மூன்றே வாரத்தில் பதில் வந்தது. சாமுவேல் சயாம் முகாமில் காலராவில் இறந்துவிட்டார். அவருக்குக் கல்லறை இருக்கிறது. நான் விரும்பிய பதில் அல்ல அது. அழுதேன், ஆண்டவரிடம் கோபித்தும் கொண்டேன். ஆனால் அன்று இரவு, வாசலில் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுக்காமல் தூங்கினேன். அந்தச் சமாதானத்தை ஆண்டவர்தான் தந்தார்.

உங்களிலும் பதில் தெரியாமல் காத்திருப்பவர்கள் உண்டு. வெட்கத்தை விட்டு, பெயர் சொல்லிக் கேளுங்கள். ஆண்டவர் கைவிட மாட்டார்.

ரூத்தின் கல்யாணத்தன்று, பதிவேட்டில் எழுத மணமகளின் தகப்பன் பெயரைப் போதகர் கேட்டார். ரூத் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்து நின்று, ஆலயம் முழுக்கக் கேட்கும்படி அவர் பெயரைச் சொன்னேன்.