ஆளில்லாத கலத்தில் போன முகம்

விண்கலங்களின் பாகங்களைப் பொருத்தும் கூடத்தில் அவர் கிரேன் ஓட்டினார். உயரத்துக் கண்ணாடி அறையில் உட்கார்ந்தபடி, டன் கணக்கான எடையை முட்டையை வைப்பது போலக் கீழே வைப்பார். குட்டையுமில்லை, நெட்டையுமில்லை, தடியுமில்லை, ஒல்லியுமில்லை. கடையில் தொங்கும் எந்தச் சட்டையும் அவருக்குப் பொருந்தும். அதற்காகத்தான் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

நிலாவைத் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டிய கலம் அது. மனிதர்கள் ஏறுவதற்கு முன் ஆளில்லாமல் ஒரு முறை அனுப்பிப் பார்க்க வேண்டும். ஆள் உட்காரும் இருக்கையில் ஒரு பொம்மை. அதற்குள் அதிர்ச்சியையும் கதிர்வீச்சையும் அளக்கும் கருவிகள். பொம்மைக்கு அச்சு எடுக்க ஒரு சராசரி உடம்பு தேவைப்பட்டது. தலைக்கவசம் சரியாக உட்கார வேண்டுமென்று முகத்துக்கும் அச்சு மாவு பூசினார்கள். மூக்கில் குழல், கண்மேல் ஈரத்துணி, அதன்மேல் கனக்கும் குளிர்ந்த மாவு. யாரோ சிரித்தது கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது.

வீட்டில் சொன்னபோது மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"கண்ணை மூடிட்டா எடுத்தாங்க?"

"இல்லேன்னா மாவு கண்ணுல போயிடுமே."

"மூடின கண்ணோட உங்கள அனுப்புறாங்க. எனக்கென்னவோ மனசு ஒப்பல."

"அட, பொம்மைதானே! என் மூஞ்சிக்கு இப்பதான் ஒரு யோகம் வந்திருக்கு" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

மேல்மூடியைப் பொருத்துமுன் பொம்மையை இருக்கையோடு கலத்துக்குள் இறக்கியது அவர்தான். தலைக்கவசக் கண்ணாடிக்குள் அவருடைய முகம் தெரிந்தது. வாய் இறுகி, எதையோ பொறுத்துக்கொண்டிருப்பது போல. லீவரை வழக்கத்தைவிட மெதுவாக நகர்த்தினார்.

"என்ன அண்ணே, உங்களத் தூக்க உங்களுக்கே கனக்குதா?" என்று கீழேயிருந்து கிண்டல் செய்தார்கள்.

கலம் கிளம்பியது. நிலாவின் மறுபக்கம் போனதும் தொடர்பு அறும் என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும். கூடத்தில் வைத்திருந்த திரை ஓய்ந்த நேரத்தில் மற்றவர்கள் டீ குடித்துக்கொண்டு அரட்டை அடித்தார்கள். அவருக்கு மட்டும் மூச்சு முட்டியது. வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தொடர்பு மீண்டதும் எழுந்த கைதட்டலைக் கேட்ட பிறகும் அவர் உள்ளே வரவில்லை.

கலம் கடலில் விழுந்து, கப்பலேறிக் கூடத்துக்கே திரும்பியது. மூடியைத் திறந்தார்கள். இருக்கையோடு கட்டியிருந்த பட்டை ஒன்று அறுந்து, பொம்மையின் இடது தோள் நொறுங்கி, தலை சரிந்து கிடந்தது. முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

"ஆள் இருந்திருந்தா பொழைச்சிருக்க மாட்டான்" என்றார் பொறியாளர். சொன்ன பிறகுதான் அண்ணாந்து கண்ணாடி அறையைப் பார்த்தார்.

கதிர்வீச்சு எவ்வளவு ஆழம் இறங்கியது என்று பார்க்கப் பொம்மையை வில்லை வில்லையாக அறுத்தார்கள். அந்தச் சத்தம் மேலே வரைக்கும் வந்தது.

அந்த வாரம் சவரக் கடைக்குப் போனார். கடைக்காரர் முகம் முழுக்க நுரை பூசி, "கண்ணை மூடிக்கங்க சார்" என்றார். அவ்வளவுதான். கழுத்துத் துண்டோடு எழுந்து தெருவுக்கு வந்துவிட்டார். அன்றிலிருந்து தாடி. இன்னொரு சோதனைக்கு அச்சு கேட்டு வந்தவர்களிடம், "உடம்பை எடுத்துக்கங்க. முகத்துக்கு வேற ஆளப் பாருங்க" என்றார். ஏன் என்று அவர்கள் கேட்கவில்லை.

பட்டையை மாற்றி, பயணத்துக்கு ஆட்கள் தயாரானபோது, அதில் போகவிருந்த பெண் அவரைத் தேடி வந்தாள்.

"அண்ணே, உங்க தோள் போனதாலதான் என் தோள் தப்பிச்சுது."

"நல்லபடியா போயிட்டு வாம்மா. கண்ணைத் தொறந்துட்டே இரு."

அவளுக்குப் புரியவில்லை, ஆனாலும் தலையாட்டினாள். நிலாவைச் சுற்றிவிட்டு முழுசாகத் திரும்பி வந்தாள். தொலைக்காட்சியில் அவள் கையசைத்தபோது அவர் தன் இடது தோளைத் தடவிக்கொண்டிருந்தார். அதில் வலி எதுவும் இல்லை என்று மனைவியிடம் சொன்னார்.

இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கண்ணயர்வார். கை இரண்டும் உடம்போடு ஒட்டி, கால் நேராக, வாய் இறுகி. மனைவி துணி மடிப்பதை நிறுத்திவிட்டு, "ஏங்க" என்று கூப்பிடுவாள். "ம்" என்று அவர் சொல்லும்வரை அடுத்த துணியை எடுக்க மாட்டாள்.