மாடு தின்ற மூன்று கேக்

அது 1979, மே மாதம். ஆரணியில் நெசவுக்காரர்கள் தெரு ஒன்றில் குடியிருந்தோம். வீட்டில் என் கணவர், மாமியார், நான், அப்புறம் கூடத்தை அடைத்துக்கொண்டு ஒரு தறி. பக்கத்து வீட்டில் ஒரு டீச்சர் வாடகைக்கு இருந்தார். கிறிஸ்தவர், என் வயதுதான். பிள்ளைகளை அதட்டி அதட்டிக் குரல் கம்மிப்போனவர். ஆனால் என்னோடு பேச உட்கார்ந்தால் சிரிப்புக்குக் குறைவிருக்காது.

கிறிஸ்துமஸ் வந்தால் தட்டில் கேக் வைத்து, கைக்குட்டை போட்டு மூடி எடுத்து வருவார். நாங்களோ முட்டை தொடாத வீடு. கேக் என்றால் முட்டை, எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சிரித்துக்கொண்டே வாங்குவேன். அவர் தலை மறைந்ததும் பின்பக்கம் நிற்கும் பால்காரர் மாட்டுக்குப் போட்டுவிடுவேன். தட்டை வெறுமனே திருப்பித் தரக்கூடாதே, அதில் நாலு முறுக்கு வைத்துக் கொடுத்து, “கேக் ரொம்ப நல்லா இருந்துச்சுங்க டீச்சர்” என்றும் சொல்லிவிடுவேன். மூன்று வருஷம் இப்படியே ஓடியது.

அந்த மே மாதம் டீச்சருக்கு வந்தவாசிப் பக்கம் மாற்றல் வந்தது. கிளம்ப இரண்டு நாள் இருக்கையில், பை நிறைய மாம்பழத்தோடு வந்து நின்றார். “என் கேக்குன்னா உங்களுக்கு உசுராச்சே. நான் போயிட்டா யார் செஞ்சு தருவாங்க? கத்துக் குடுத்துட்டே போறேன்.”

மாமியார் நூல் சுற்றிக்கொண்டு உள்ளேயே இருக்கிறார். பையிலிருந்து முட்டை வெளியே வந்தால் வீடு ரணகளம். வேண்டாம் என்றால் என் பொய் சந்திக்கு வரும். ஊரை விட்டுப் போகிறவர் மனசை உடைத்து அனுப்புவதா?

டீச்சர் அவர் பாட்டுக்கு அகலமான அலுமினியப் பாத்திரத்தில் மணலைக் கொட்டி ஸ்டவ்வில் ஏற்றினார்.

“அடுப்புல மண்ணைக் கொட்டிகினு இன்னாடி கூத்து இது?” என்றார் மாமியார்.

“ஜல்தியா ஒரு பலகாரம்மா. உங்களுக்கும் உண்டு, இருங்க” என்றார் டீச்சர்.

மாம்பழத்தைப் பிசைந்து கூழாக்கினார். சர்க்கரை, உருக்கின வெண்ணெய், சலித்த மைதா, சோடா உப்பு, ஒரு கரண்டித் தயிர் எல்லாம் சேர்த்துக் கலக்கினார். என் கண் பை மேலேயே இருந்தது. பொறுக்க முடியாமல் அவர் காதருகே போய், “முட்டை?” என்றேன்.

“உங்க வீட்டுக்கா? என்னிக்குங்க போட்டேன்? வாழைப்பழம் போட்டு உங்களுக்குத் தனியா செஞ்சு எடுத்து வெச்சுட்டுதான் எங்களுக்கு முட்டையே உடைப்பேன்.”

உடம்பு கூசிப்போனது. அதற்கு மேல் மறைக்க முடியவில்லை, மாட்டுக் கதையைச் சொல்லிவிட்டேன்.

கலக்கிய கை நின்றது. “மூணுமா?”

“மூணும்.”

அவர் மாவைக் கிண்ணத்தில் வழித்து ஊற்றி, சூடேறிய மணல் மேல் வைத்து, மூடியைப் போட்டார். அப்புறம் திரும்பாமலே, “முந்திரி வேற போட்டிருந்தேன்” என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்தாரோ என்னவோ, “அதான் ஊரையே முட்டுற மாடு, என்னைக் கண்டா மட்டும் கழுத்தை நீட்டிகினு வருது” என்றார். அழுதுகொண்டே சிரித்தோம்.

கேக் அடியில் லேசாகக் காந்தியிருந்தது. மாமியார் இரண்டாம் துண்டுக்குக் கை நீட்டினார். டீச்சர் ஒரு துண்டை எடுத்து என் கையில் வைத்து, நான் மென்று விழுங்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாம்பழக் காலம் வந்தால் அந்தக் கேக்கை இன்றும் செய்கிறேன். சொன்ன பொய்யைவிட, மூன்று வருஷம் கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்விதான் எனக்கு உறுத்துகிறது. இப்போதெல்லாம் யாராவது மூடின தட்டோடு வாசலில் நின்றால், அவர் எதிரிலேயே ஒரு வாய் போட்டுக்கொள்கிறேன். ஆகாதது என்றால் அதையும் அவர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறேன்.