கமோரிக்குக் குழந்தை இருந்ததா

ரமாபாயின் குரலை நான் முதலில் கேட்டது ஒரு பேருந்துக்குள் உட்கார்ந்துகொண்டு. 2012ஆம் ஆண்டு. எண்ணூரில் ஒரு உறவினர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக் கல்மண்டபத்திலிருந்து கிளம்பியிருந்தேன். திருவொற்றியூர் தாண்டியதும் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றதில் பேருந்து முக்கால் மணி நேரமாக நகரவில்லை. பக்கத்தில் கண்டெய்னர்களை அடுக்கிவைக்கும் யார்டின் வாசல் ஒலிபெருக்கியில் ஒரு பெண் வண்டி எண்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"எய்பத்தி ரெண்டு பதினாலு, உள்ள வா. மத்த வண்டி நவுராத, நில்லு."

அவ்வளவுதான். அதட்டல் இல்லை, கத்தல் இல்லை. அடித்தொண்டையிலிருந்து வந்த கனமான குரல். அத்தனை லாரிகளும் நின்ற இடத்தில் நின்றன. நான் பேருந்திலிருந்து இறங்கிவிட்டேன்.

நான் அப்போது சாலிகிராமத்தில் ஒரு டப்பிங் ஸ்டுடியோவில் உதவி வசனகர்த்தா. ஜப்பானிலிருந்து வந்த 'அலைக்கோட்டை' என்ற நீண்ட கார்ட்டூன் தொடரைக் குழந்தைகள் சேனலுக்காகத் தமிழாக்கிக்கொண்டிருந்தோம். நாயகனுக்கும் தோழர்களுக்கும் குரல் கிடைத்துவிட்டது. வில்லி கமோரிக்கு மட்டும் இரண்டு வாரமாக ஆள் தேடினோம். வந்த பெண்கள் எல்லோரும் பற்களைக் கடித்துக்கொண்டு பேசினார்கள். கமோரி அப்படிப்பட்டவள் அல்ல.

கமோரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கடலோரத்தில் ஒரு பெரிய மதில் கட்டி, அதற்குள் பாதுகாப்பாக வாழும் நகரம்தான் அலைக்கோட்டை. அந்த மதிலைக் கட்டும்போது கமோரியின் குப்பத்துக் கழிமுகத்தை மூடிவிட்டார்கள். தண்ணீர் போக வழியில்லாமல் குப்பத்துக்குள் ஏறி, அவளுடைய குழந்தை இறந்துபோனது. மதிலை உடைத்தே தீர்வேன் என்று கிளம்புகிறாள். உடைந்தால் உள்ளே இருக்கும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் சாவார்கள். அது அவளுக்கும் தெரியும். நூற்று நாற்பத்தெட்டு பகுதிகளும் இந்த ஒரு முடிச்சின் மீதுதான் நின்றன. நாயகன் அவளை வெல்ல வேண்டும் என்று பார்ப்பவர் நினைக்க வேண்டும். வெல்லும்போது கொஞ்சம் வெட்கப்படவும் வேண்டும்.

ரமாபாய்க்கு அப்போது முப்பத்தெட்டு வயது. வியாசர்பாடியில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் வீடு. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அம்பேத்கரின் மனைவி பெயரை மகளுக்கு வைத்தவர். கணவர் துரை லாரி மெக்கானிக். மகிழினி என்று ஒரே பெண், அப்போது ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் 'ஆம்பள தொண்டை' என்று கேலி செய்ததால் ரமாக்கா எட்டாம் வகுப்பு வரை வாயைத் திறக்காமலே இருந்தாளாம். யார்டில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அந்தத் தொண்டைக்கு ஒரு மரியாதை வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டுடியோவுக்கு வந்து கமோரிக்குப் பேசினாள். முதல் மூன்று மாதம் எனக்கு அவளுடைய நாக்கைத் திருத்துவதே வேலையாக இருந்தது. கமோரி அச்சுத் தமிழ் பேசுவாள் என்று முடிவு செய்திருந்தோம். 'எய்பது' என்றால் நிறுத்துவேன். 'எழுபது' என்று வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லவைப்பேன். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. வேலைக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் 'மழை, தழை, கழிமுகம்' என்று முணுமுணுத்துக்கொண்டே போவாள் என்று பின்னால் மகிழினி சொன்னாள். நான்காவது மாதம் அவளுடைய ழகரம் என்னுடையதைவிடச் சுத்தமாக இருந்தது.

அந்தக் கதையை அவள் புரிந்துகொண்ட விதம்தான் என்னை அசத்தியது. கமோரி ஒரு கிணற்றில் விஷம் கலக்கும் பகுதியைப் பேசி முடித்த அன்று, கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து, "இவ கெட்டவ இல்ல செல்வி, கெட்டது பண்றவ. ரெண்டுத்தையும் ஒரே மாதிரி பேசக் கூடாது" என்றாள். நான் கல்லூரியில் தமிழ் இலக்கியம் படித்தவள். யாரும் எனக்கு இதை இவ்வளவு எளிதாகச் சொல்லித் தரவில்லை.

கடைசிப் பகுதியில் கமோரி மதிலை உடைக்க முடியாமலும், உடைக்க விரும்பாமலும், கடலுக்குள் நடந்து போய்விடுகிறாள். அந்தப் பகுதி ஒளிபரப்பான வாரம் வியாசர்பாடியில் பிள்ளைகள் கமோரி விளையாட்டு விளையாடினார்களாம். நாயகனாக இருக்க எவனும் முன்வரவில்லை என்று சொல்லிச் சிரித்தாள் ரமாக்கா.

பிறகு பதினோரு வருடம் ஓடியது. நான் டப்பிங் இயக்குநராகிவிட்டேன். ரமாக்கா யார்டு வாசலில் மேற்பார்வையாளரானாள். இடையில் சில சிறிய வேடங்களுக்குக் கூப்பிட்டேன், வந்தாள். 2024இல் 'அலைக்கோட்டை'யின் இரண்டாம் பாகம் வருகிறது என்றார்கள். இந்தமுறை சேனலில் அல்ல, இணையத் தளத்தில். கமோரி திரும்பி வருகிறாள் என்று விளம்பரத்திலேயே காட்டியிருந்தார்கள். முதலில் ரமாக்காவுக்குத்தான் போன் செய்தேன்.

தொடர் கையில் வந்ததும் எல்லாப் பகுதிகளையும் ஒரே மூச்சில் பார்த்தேன். பழைய தொடரை உருவாக்கியவர்கள் யாரும் இதில் இல்லை. வரைகலை கண்ணைப் பறித்தது. ஆனால் கடலுக்குள் போன கமோரி இரும்பு உடம்போடு எழுந்து வந்து என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்துக்கொண்டே இருந்தாள். மதில் மேல் அவளுக்குக் கோபமே இல்லை. உலகத்தையே அழிக்க வேண்டுமாம். ஏன் என்று கேட்டால் அதற்கும் ஒரு சிரிப்பு.

எட்டாம் பகுதியில்தான் மோசம். நாயகன் அவளிடம், "உன் குழந்தைக்காகத்தானே இதையெல்லாம் செய்தாய்?" என்று கேட்கிறான். அவள் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, அப்படியொரு குழந்தையே இருந்ததில்லை, நீங்கள் அழ வேண்டும் என்பதற்காகச் சொன்ன கதை அது என்கிறாள். நூற்று நாற்பத்தெட்டு பகுதிகளின் துக்கத்தை ஒரே வரியில் பொய்யாக்கிவிட்டார்கள்.

இணையத் தளத்துக்காரர்கள் ஒரு குறிப்பும் அனுப்பியிருந்தார்கள். வில்லியின் பேச்சு கலகலப்பாக இருக்க வேண்டும், சென்னை பாஷையில் எழுதுங்கள், துண்டு வீடியோக்களாகப் பரவும் என்று. மற்ற எல்லோருக்கும் வழக்கம்போல நல்ல தமிழ். நானும் எழுதினேன். இதை மறைத்து என்ன பயன்? 'கொயந்தயா? அத்த யாரு பார்த்தா? நீங்கோ அழுவணும்னு சொம்மா வுட்ட கதை அது' என்று எழுதிவிட்டு, வரி நன்றாக விழுந்திருக்கிறதே என்று தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

தாள்களைக் கொடுக்க நானே யார்டுக்குப் போனேன். மதிய உணவு நேரம். வாசல் அறையில் உட்கார்ந்து, சாப்பாட்டு டப்பாவை மூடி ஓரமாக வைத்துவிட்டு ரமாக்கா படித்தாள். எட்டாம் பகுதி வந்ததும் பக்கத்தைத் திருப்பாமல் அப்படியே வைத்திருந்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நிதானமாகத்தான் பேசினாள்.

"அப்போ இவ பெரிய மனுஷி. துக்கம் கீது, நியாயம் கீது. அப்போ என் பாஷை வாணாம்னு மூணு மாசம் என் நாக்க திருத்துன. இப்போ அவள பொய்க்காரியா, கோமாளியா ஆக்கிட்டாங்கோ. இப்போ மட்டும் என் பாஷை வோணுமா செல்வி?"

மேலிடத்தின் குறிப்பு என்றேன். அது தெரியும், எழுதினது யாரு என்று கேட்டாள். நான்தான் என்றேன். தலையாட்டினாள். வெளியே ஒரு லாரி ஹார்ன் அடித்தது. எழுந்து போய் அந்த வண்டியை அனுப்பிவிட்டு வந்தாள்.

தொடர் ஏன் இப்படி ஆனது என்று அவளே யோசித்துச் சொன்னாள். "செத்தவள திரும்ப இட்டாந்தா, அவ கேக்குற கேள்விக்குப் பதில் சொல்லணும். கய்முகத்த ஏன் மூடுனன்னு கேப்பா. பதில் இல்ல அவங்ககிட்ட. அதான் அவள சிரிக்க வுட்டுட்டாங்கோ."

இரண்டு நாள் அவளிடமிருந்து எந்தத் தகவலும் இல்லை. மாட்டேன் என்று சொல்லப்போகிறாள் என நினைத்தேன். சொல்லியிருந்தால் நான் அவளைத் தடுத்திருக்கமாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு வந்துவிட்டாள். ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம், எழுதினபடியே பேசுகிறேன் என்றாள்.

முதல் ஏழு பகுதிகள் சாதாரணமாகப் போயின. எட்டாம் பகுதி வந்தது. திரையில் கமோரி வாயைப் பிளந்து சிரிக்கிறாள். அந்த உதட்டசைவுக்குள் சிரிப்பு வந்தே ஆக வேண்டும். ரமாக்கா சிரித்தாள். கூட்டத்தில் யாரோ கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்கும்போது, அதைத் தள்ளிவிடுவதற்காகச் சிரிக்கும் சிரிப்பு. பிறகு, "கொயந்தயா?" என்றாள். அந்தச் சொல்லுக்கு முன்னால் மிகச் சிறிய தயக்கம். "அத்த யாரு பார்த்தா?" என்பது கேலியாக வர வேண்டிய வரி. அவள் அதை நிஜமாகவே கேட்டாள். ஒருவரும் பார்க்கவில்லையே என்கிற மாதிரி.

நான் எழுதிய அதே வரிதான். ஒரு எழுத்தும் மாறவில்லை. ஆனால் குழந்தை இருந்தது, அவள் இப்போதுதான் பொய் சொல்கிறாள் என்று கேட்பவருக்குத் தெரிந்துவிட்டது. ஒலிப்பதிவாளர் அசோகன் பதிவை நிறுத்த மறந்து உட்கார்ந்திருந்தார்.

டீ குடிக்க வெளியே வந்தபோது, இதை எப்படி யோசித்தாய் என்று கேட்டேன். யோசிக்கவெல்லாம் இல்லை என்றாள். மகிழினிக்கு முன்னால் தனக்கு ஒரு பையன் பிறந்ததாகவும், நிலவன் என்று பெயர் வைத்ததாகவும், நாற்பத்தொரு நாள் இருந்தான் என்றும் சொன்னாள். பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் எனக்கு இது தெரியாது.

"எத்தினி கொயந்தன்னு புச்சா யார்னா கேட்டா ஒண்ணுன்னுதான் சொல்லுவேன். ரெண்டுன்னா அப்பால எல்லாம் சொல்லணும். ஒருவாட்டி ஒரு டாக்டரம்மா, 'வேற கொயந்த இல்லியே'ன்னு கேட்டாங்க. இல்லன்னு சிரிச்சிகினே சொன்னேன். அந்த சிரிப்புதான் இது."

காகிதக் கோப்பையைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, ஒன்பதாம் பகுதியை முடித்துவிடலாம், நாலு மணிக்கு யார்டில் ஆள் மாற்ற வேண்டும் என்றாள்.

மீதிப் பகுதிகளையும் முடித்து அனுப்பிய பத்தாம் நாள் இணையத் தளத்திலிருந்து பதில் வந்தது. எட்டு, பதினொன்று இரண்டு பகுதிகளிலும் வில்லியின் தொனி மூலத்தோடு ஒத்துப்போகவில்லை, சிரிப்பு போதவில்லை, திரும்பப் பதிவு செய்யுங்கள் என்று. நான் போனில் வாதாடினேன். உதட்டசைவு சரியாக இருக்கிறது, வசனம் உங்கள் குறிப்புப்படியே இருக்கிறது, எதைத் தவறு என்கிறீர்கள் என்று கேட்டேன். அவர்களால் அதைச் சரியாகச் சொல்ல முடியவில்லை. எட்டை விட்டுவிட்டார்கள். பதினொன்றை மட்டும் மாற்றியே ஆக வேண்டும் என்றார்கள். ரமாக்கா மறுபடி வர மறுத்துவிட்டாள். இன்னொரு பெண் வந்து, கேட்டபடி பத்து நிமிடத்தில் சிரித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். அந்தப் பெண்மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

தொடர் வெளியானது. பெரிய வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. உலகம் முழுக்க ரசிகர்கள் திட்டினார்கள், தமிழ் ரசிகர்களும் திட்டினார்கள். ஆனால் தமிழில் பார்த்தவர்களுக்குள் மட்டும் ஒரு தனிச் சண்டை நடந்தது. கமோரிக்குக் குழந்தை இருந்ததா இல்லையா என்று. இல்லை என்று தொடரே சொல்லிவிட்டது என்றான் ஒருவன். நீ எட்டாம் பகுதியைக் கண்ணை மூடிக்கொண்டு கேள் என்று எழுதினாள் ஹஃப்சா என்றொரு பெண். டப்பிங் செய்தவர்கள் கதையையே கெடுத்துவிட்டார்கள் என்றும் சிலர் எழுதினார்கள்.

அந்தக் குற்றச்சாட்டை நான் இன்னும் மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். அடுத்தவர் படைப்பை மாற்ற நமக்கு உரிமை உண்டா? இல்லை என்றுதான் பயிற்சிக்கு வரும் எல்லோரிடமும் சொல்வேன். அப்படியென்றால் முதல் தொடரை உருவாக்கியவரின் கமோரியைப் பின்னால் வந்தவர்கள் மாற்றினார்களே, அந்த உரிமையை அவர்களுக்கு யார் கொடுத்தது? தொடரின் உரிமை அவர்களிடம் இருக்கிறது, சரி. ஆனால் ஒரு பாத்திரத்தை நம்பியவர்களிடமும் அதில் ஒரு பங்கு இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. இரண்டாம் பாகத்தை எழுதியவர்கள் யாரும் கமோரியை நம்பவில்லை. எழுதும்போது நானும் நம்பவில்லை.

மூன்றாம் பாகத்துக்கு ரமாக்காவைக் கூப்பிட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அவளிடம் சொன்னபோது, சரி என்றாள். அவள் பதினோராம் பகுதியைப் பார்க்கவில்லை. மகிழினி பார்த்துவிட்டு எனக்கு ஒரு நீண்ட குரல்செய்தி அனுப்பினாள். அதில் பாதி கெட்ட வார்த்தை.

சென்ற மாதம் வேறொரு ஜப்பானியத் தொடர் வந்தது. ஒரு துறைமுக ஊரின் கதை. அதில் கப்பல் உடைக்கும் தொழிலாளிப் பெண் ஒருத்தி, பாதிக் கதைக்கு மேல் எதிரியாகிவிடுகிறாள். யார்டுக்குப் போய் ரமாக்காவிடம் சொன்னேன். எந்தப் பாஷை என்று கேட்டாள். உன் பாஷைதான் என்றேன்.

"அவளுக்கு மட்டுமா?"

"நீயே சொல்லுக்கா."

"எய்துறதுன்னா எல்லாருக்கும் எய்து. ஹீரோவும் அதே ஊருதான? அவன் மட்டும் எங்க போயி தமிய் வாத்தியார்கிட்ட கத்துகினான்?"

முதல் இரண்டு பகுதிகளை அப்படியே எழுதியிருக்கிறேன். நாயகன், அவன் அம்மா, போலீஸ்காரன், எதிரி எல்லோரும் ஒரே பேச்சு. துக்கமும் அதிலேயே, கோபமும் அதிலேயே. எழுதிப் பார்த்தால் நான் பயந்த அளவு சிரிப்பு வரவில்லை. தொடரைக் கொடுத்த கம்பெனியிலிருந்து இன்னும் பதில் இல்லை. தாள்கள் ரமாக்காவிடம் இருக்கின்றன. நான் தப்பாக எழுதிய சொற்களைச் சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டிருக்கிறாள். நிறையத் தப்பு இருக்கிறதாம்.