சம்பந்தி சொல்லாத பிழை

ஆயத்தமாகக் கிடைக்கும் மென்பொருளை அப்படியே இறக்கிப் போட்டுக்கொள்வது எனக்குப் பிடிக்காது. மூலநிரலை எடுத்து என் கணினியிலேயே கட்டித்தான் பயன்படுத்துவேன். ஓய்வு பெற்றபின் வந்த வழக்கம். "இட்லிமாவு கடைல வாங்கிக்கலாம்னு சொல்றீங்க, இத மட்டும் ஊட்லயே அரைக்கோணுமாக்கும்?" என்று மனைவி கேட்பாள்.

இப்படிக் கட்டிக் கொடுக்கும் நிரலான கம்பைலருக்கு ஓர் அமைப்புக் கோப்பு உண்டு. அதில் 'நேட்டிவ்' என்று எழுதிவிட்டால், எந்தக் கணினியில் கட்டுகிறோமோ அதன் ப்ராசஸருக்கே அளவெடுத்துத் தைத்துக் கொடுத்துவிடும். வேகம் கூடும். எவ்வளவு கூடும் என்று கேட்காதீர்கள்.

மருமகளின் அப்பாவுக்குக் கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு. புதிதாகப் போட்ட கன்று நாற்றங்காலுக்குச் சொட்டுநீர் அமைத்திருந்தார். கணினியே நேரம் பார்த்து வால்வைத் திறந்து மூடும் நிரல் ஒன்று இருக்கிறது, நான் போட்டுத் தருகிறேன் என்று வலியப் போய்ச் சொன்னேன். போத்தனூரில் என் புதுக் கணினியில் கட்டி, சோதித்து, பென் டிரைவில் ஏற்றி, நான்கு பக்க நடைமுறைக் குறிப்போடு அனுப்பி வைத்தேன். ஒரு கையெழுத்து குறைந்தாலும் கோப்பைத் திருப்பி அனுப்பிய அரசு அலுவலன் நான். குறிப்பின் முதல் வரி: 'நிறுவும் முன் இயந்திரத்தின் விவரத்தைச் சரிபார்க்கவும்.'

இரண்டு நாள் கழித்துப் போனில் கேட்டேன்.

"அதுக்கென்னங்க சம்பந்தி, அருமையா இருக்குதுங்க" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அவிநாசிக் கோயிலில் பேத்திக்குக் காதுகுத்து. தாய்வீட்டுச் சீரோடு முந்தின நாளே வந்து தங்க வேண்டியவர் சம்பந்தி. அழைத்தபோது, "ஊட்லயும் பையனும் வந்துருவாங்க. நா மட்டும் பாக்கறேனுங்க" என்றார். எங்கள் பக்கம் 'பாக்கறேனுங்க' என்றால் வரவில்லை என்று பொருள். மருமகள் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

"நீங்க ஏதாச்சும் எடக்காப் பேசிப்போட்டீங்களா?" என்றாள் மனைவி.

நான் பேசுவது பெரும்பாலும் எடக்கு என்பதால் குறிப்பாக எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. விசேஷத்துக்கு முந்தின நாள் காலை, மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு, கிணத்துக்கடவு வழியாகப் போகும் பொள்ளாச்சி ரயிலேறினேன். சமாதானம் பேசப் போகிறவன் கையில் மடிக்கணினி எதற்கு என்று மனைவி கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்திருப்பாள்.

தோப்பில் சம்பந்தி, முழங்கால் வலிக்குப் போட்ட கட்டோடு, கன்றுப் பைகளுக்கு நடுவே ரப்பர் குழாயைப் பிடித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் குழாயை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அது அவர் வேட்டியை நனைத்தது.

"ஏனுங்க சம்பந்தி, வால்வு என்னாச்சு?"

"சும்மா, காலாற நடக்கலாம்னுங்க."

வீட்டுக்குள்ளிருந்து சம்பந்தியம்மாள் வந்தார். "இன்னும் எத்தன நாளைக்குங்க மூடி வெப்பீங்க? அது மொத நாளே நின்னுபோச்சுங்ண்ணா. ஆசையாச் செஞ்சு குடுத்தாரு, குத்தஞ் சொன்னா சம்பந்தி மனசு நோகும்னு, தெனமும் ரெண்டு நேரம் இவுரே நின்னு தண்ணி உடறாருங்க."

அப்போதுதான் புரிந்தது. வேலைக்கு ஆள் இல்லை. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லோரும் பங்காளிகள், எல்லோரும் காதுகுத்துக்கு வருகிறவர்கள். சித்திரை வெயிலில் இரண்டு நாள் தண்ணீர் தவறினால் கன்றுகள் காய்ந்துவிடும். அதனால் பேத்தி விசேஷத்தையே விடத் துணிந்திருக்கிறார்.

அவர் வீட்டுக் கணினியைப் போட்டு, நான் அனுப்பிய நிரலை ஓட்டினேன். 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' (செல்லாத கட்டளை) என்று ஒரே வரி காட்டிவிட்டு நின்றது. அது அவர் மகன் கல்லூரியில் படித்தபோது வாங்கிய கணினி. என் ப்ராசஸருக்குத் தெரிந்த புதிய கட்டளைகள் அதற்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியும் விட்டது. அந்தத் தோட்டத்தில் ஒளிவுமறைவில்லாமல் பேசியது அது ஒன்றுதான்.

முதல் வரியை எழுதியவனே முதல் வரியைப் படிக்கவில்லை. என் அலுவலகமாக இருந்தால் எனக்கு நானே மெமோ கொடுத்திருப்பேன்.

மடிக்கணினியில் 'நேட்டிவ்' என்பதை அழித்து, பழைய ப்ராசஸருக்கும் பொதுவான அடிப்படை வகையை எழுதினேன். நிரலை மட்டுமல்ல, அது நம்பியிருக்கும் ஐந்து பேக்கேஜ்களையும், அதாவது துணை நிரல்களையும், மறுபடி கட்ட வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் அதே பிழை வரி வரும். கட்டி முடிவதற்குள் எனக்கு இரண்டு இளநீர், ஒரு விருந்து, ஒரு காபி ஆயிற்று. மூன்று மணிக்குச் சோதனைக் கட்டளை கொடுத்தேன், வால்வு திறந்தது. பைகளில் சொட்டுச் சொட்டாக இறங்கிற்று. சம்பந்தியின் போனுக்கு 'திறந்தது' என்று செய்தியும் வந்தது. வேகத்தில் குறை ஏதும் தெரியவில்லை.

தினமும் காலை ஆறு மணிக்குத் திறக்கும்படி வைத்தேன்.

"இனிமே எது கெட்டாலும் மூஞ்சிக்கு நேரா சொல்லிப்போடோணும்" என்றேன்.

"சரிங்க" என்றார். அன்று மாலையே சீர்த்தட்டுகளோடு அவர் காரில் எல்லோரும் அவிநாசி வந்து சேர்ந்தோம். அப்பாவைப் பார்த்ததும் மருமகள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் பேத்தி ஊரே கேட்க அழுது முடித்தாள். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை சம்பந்திக்கு. மோர் ஊற்றும்போது அவர் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார்.

"சம்பந்தி, தப்பா நெனச்சுக்காதீங்க. ஆறு மணிக்கு வெச்சது பதினொன்றரைக்குத் தொறக்குதுங்க. இது சரியில்லீங்க."

நிரலின் கடிகாரத்தை உலகப் பொது நேரத்திலேயே விட்டுவிட்டேன். அங்கே ஆறு என்றால் இங்கே பதினொன்றரை. கன்றுகளுக்குத் தண்ணீர் போய்விட்டது, வெயிலில் போயிருக்கிறது, அவ்வளவுதான். எனக்கோ, ஒரு சம்பந்தி என்னை நேருக்கு நேர் குறை சொன்னதில் பாயசம் இன்னொரு கரண்டி கேட்கத் தோன்றியது.

"ஆறு மணிக்கே செய்தி வரலையே, அப்பவே சொல்லியிருக்கலாமேங்க?"

"சொல்லோணும்னுதாங்க இருந்தேன். நீங்க சாப்புட்டு முடிக்கட்டும்னு பாத்தேனுங்க."