காய் என்று எழுதியிருந்த சீட்டு

அந்த வாரம் முழுக்க அன்னக்கொடிக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. உலை வைப்பாள், அடுப்பைப் பற்றவைக்க மறந்துபோவாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடி வரைக்கும் போய்விட்டு வெறுங்குடத்தோடு திரும்பி வருவாள். சிலமலை ஊருக்குள் அவளைப் பார்த்தவர்கள், வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். அப்படி ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை அவள் வகுப்பில் எழுந்து நின்று பத்து நிமிஷம் பேச வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் அவள் பேச்சுக்காரி இல்லை. வருஷத்தில் பாதி நாள் மலையில் காய் எடுப்பாள். மீதி நாள் போடியில் ஒரு மண்டியில் உட்கார்ந்து காய் பொறுக்குவாள். இரண்டுக்கும் கை போதும், வாய் வேண்டாம். நாலாவது படிக்கும்போது அவளுடைய ஆத்தா அவளையும் கூட்டிக்கொண்டு மலையேறிவிட்டாள். எஸ்டேட்டில் கூலியாட்கள் தங்கும் லயத்தில் ஆறு மாசம் இருந்துவிட்டு இறங்கி வந்தபோது பள்ளிக்கூடம் மறந்துபோயிருந்தது. இப்போது அவளுடைய மகள் வீரலட்சுமி ஒண்ணாவது படிக்கிறாள். ஆடி பிறந்தால் மலைக்கு ஆள் ஏற்ற ஜீப்பு வந்து நிற்கும். மகளைத் தனியே விட்டுவிட்டுப் போக முடியாது. கூட்டிக்கொண்டு போனால் அவள் படிப்பும் அதோடு சரி.

அந்த எழுபத்தொன்பதாம் வருஷம்தான் பால்வாடி ஆயா வேலைக்குப் போடியில் ஒரு வாடகைக் கட்டடத்தில் மூன்று மாசப் பயிற்சி வைத்தார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும் என்றார்கள். சிலமலைக்கு ஒரே ஓர் இடம். அதற்கு மூன்று பேர் போட்டி. கடைசி நாளில் ஆளுக்கொரு வேலையைச் செய்து காட்டிக்கொண்டே எப்படிச் செய்வது என்று விளக்கிப் பேச வேண்டும். பாதி மார்க் டீச்சர் போடுவார், மீதியை மதுரையிலிருந்து வரும் அதிகாரி அம்மா போடுவார்.

டீச்சர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஒரு பவுடர் டப்பாவில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி நீட்டினார். கூடப் படித்த கருத்தம்மாவுக்குப் பிள்ளையைக் குளிப்பாட்டுவது வந்தது. அன்னக்கொடி தன் சீட்டைப் பிரித்து எழுத்துக் கூட்டினாள்: 'காய் சுத்தம் செய்யும் முறை'. அவளுக்கு உயிர் வந்தது. பதினைந்து வருஷமாகச் செய்கிற சோலி. சாமியே பார்த்து எடுத்துக் கொடுத்த சீட்டு.

ஆனாலும் பேச வேண்டுமே! நேராக நிற்க வேண்டும், முதலில் வணக்கம் சொல்ல வேண்டும், பிறகு தேவையான பொருட்கள், பிறகு செய்முறை, கடைசியில் நன்றி. அவள் சுவரைப் பார்த்து நின்று சொல்லிப் பார்த்தாள். வணக்கம் வரைக்கும் வந்தது. அதற்கு மேல் மறுபடியும் வணக்கம்தான் வந்தது.

ராப்பகலாக ஜீப்பில் லோடு ஏற்றும் அவள் புருஷன் மொக்கச்சாமி கஞ்சி குடித்துக்கொண்டே பார்த்தான்.

"என்னடி, சாமியாடப் போறியா?"

"பேசிப் பழகுறேன்."

"நீயா? நம்ம பரிசத்தன்னைக்கு ஓம் பேரைக் கேட்டதுக்கே ஒங்க அண்ணந்தானடி பதில் சொன்னான்!"

மண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கும் ராக்கு, எழுந்து நின்று சொல்லிக் காட்டச் சொன்னாள். கேட்டுவிட்டு, "ஆத்தா, காய்க்கு மட்டும் கேட்டாப் போதும்னா இந்தச் சத்தம் போதும்" என்றாள். ஆனாலும் மண்டிக்காரரிடம் கேட்டு ஒரு படி காயை மஞ்சள் பையில் வாங்கிக் கொடுத்ததும் அவள்தான்.

வெள்ளிக்கிழமை வந்தது. கருத்தம்மா ஒரு பொம்மையைக் குளிப்பாட்டி, அதற்குச் சாம்பிராணியும் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அன்னக்கொடி காய் புடைக்கும் சுளகும் பையுமாக முன்னால் வந்து, சாக்கை விரித்து, காயைக் கொட்டினாள். அறை முழுக்க வாசம் ஏறியது.

டீச்சர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது? பாயசம் வைக்கப் போறியா?"

"காய், டீச்சர்."

"காய்ன்னா கத்திரிக்கா, வெண்டைக்கா! நறுக்கறதுக்கு முன்னாடி எப்படிக் கழுவணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அன்னக்கொடி கொட்டிய காயை மறுபடி பையில் அள்ளத் தொடங்கினாள். கருத்தம்மாதான் விடவில்லை. "சீட்டுல காய்னுதான டீச்சர் எழுதியிருக்கு?"

மதுரை அம்மா சீட்டை வாங்கிப் பார்த்தார். "இந்த ஊர்ல காய்னா ஏலக்காய்தானா?"

"ஆமாங்க" என்றார்கள் எல்லாரும்.

"அப்ப கத்திரிக்காயை என்ன சொல்வீங்க?"

"அது வெஞ்சனமுங்க."

அந்த அம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பேனாவை மூடி வைத்தார். "பால்வாடிப் பிள்ளைங்களுக்கு ஏலக்காய் ஆக்கிப்போட முடியாது. இதுக்கு நான் மார்க் போட முடியாதும்மா." சுற்றுமுற்றும் பார்த்தார். மூலையில் பயிற்சிக்காக வைத்திருந்த பருப்பு மூட்டை கண்ணில் பட்டது. "சுளகு இருக்குல்ல? அந்தப் பருப்பைச் சுத்தம் பண்ணிக் காட்டு."

"அது சுத்தமான பருப்பு மேடம். நானே பார்த்து வாங்கினது" என்றார் டீச்சர் அவசரமாக.

"செய்யட்டும்."

அன்னக்கொடி பருப்பை அள்ளிக்கொண்டு நேராக நின்றாள். வணக்கம் சொன்னாள். மறுபடியும் வணக்கம் சொன்னாள். நிற்க முடியாமல் மண்டியில் உட்காருகிற மாதிரி ஒரு காலை நீட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரிச்சு நின்னு பேசு" என்றார் டீச்சர்.

"நின்னா வர மாட்டேங்குதுங்க."

கை தானாகப் புடைக்கத் தொடங்கியது. கை ஓடியதும் வாயும் அதன் பின்னாலேயே ஓடியது. "மொதல்ல தூசியப் புடைச்சுத் தள்ளணும். பெறகு சுளகை லேசாச் சாய்ச்சுத் தட்டுனா கல்லு பின்னால தங்கிரும். கண்ணு ஒரு எடத்துல நிக்கப்படாது, மேய்ஞ்சுக்கிட்டே இருக்கணும். பூச்சி விழுந்தது இந்தப் பக்கம், சொத்தை அந்தப் பக்கம்..."

யாரும் இப்போது சிரிக்கவில்லை.

திடீரென்று அவள் விரல் நின்றது. கறுப்பாக, அரிசி நீளத்துக்கு ஒன்று. அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. டீச்சருக்கும் தெரிந்துவிட்டது, முகம் வெளிறியது. இந்த மூட்டையிலிருந்துதான் மூன்று மாசமாக எல்லாரும் சமைத்துப் பழகினார்கள், பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கும் ஊட்டினார்கள். தூசியோடு தூசியாகத் தள்ளிவிட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. டீச்சர் கையில் பாதி மார்க். அந்தப் பாதியில்தான் மகளுடைய பள்ளிக்கூடம் இருந்தது.

பொறுக்கியதை மறைத்து அவள் கைக்குப் பழக்கமில்லை. அதை எடுத்துச் சாக்கின் மேல் தனியாக வைத்தாள்.

"இது எலிப்புழுக்கை" என்றாள். குரல் இறங்கிப்போயிருந்தது, ஆனால் நிற்கவில்லை. "இது ஒண்ணு கண்ணுல பட்டா, சுளகுல உள்ளதை மட்டும் பொறுக்கிட்டு விட்றக் கூடாது. மூட்டையவே கொட்டிப் பாக்கணும். பிள்ளைக திங்கிறது. நன்றி."

மதுரை அம்மா பேனாவைத் திறந்து என்னவோ எழுதினார். டீச்சரும் எழுதினார், அழுத்தி எழுதினார்.

வேலை போயிற்று என்றே அன்னக்கொடி முடிவு கட்டினாள். அடுத்த பன்னிரண்டு நாளும் அவள் தூங்கியது கொஞ்சம், நடந்தது அதிகம். லயத்துக்கு வேண்டிய சட்டி பானையைக் கட்டுவாள், மகளுடைய சிலேட்டைப் பார்த்துவிட்டு அவிழ்ப்பாள், மறுபடி கட்டுவாள். மலைக்கு ஆள் சேர்க்கும் கங்காணி அழகுமலை வந்து, "ஆடி ஒண்ணுக்கு ஜீப்பு. ஒம் பேரையும் மக பேரையும் எழுதிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பட்டியல் ஒட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் பஸ்சுக்குக் காத்திருக்க மனமில்லாமல் போடிக்கு நடந்தே போனாள். கதவில் ஒட்டியிருந்த தாளில் விரல் வைத்து எழுத்துக் கூட்டினாள். சிலமலை, அன்னக்கொடி. வேறு அன்னக்கொடி இருக்குமோ என்று இன்னொரு தரம் கூட்டினாள்.

பின்னால் டீச்சர் நின்றிருந்தார். "நான் உனக்குக் குறைச்சுத்தான் போட்டேன்" என்றார். "அந்தம்மா அள்ளிப் போட்டுட்டாங்க."

அன்னக்கொடி காலால் தரையைத் தேய்த்தாள்.

"அன்னிக்குச் சாயந்தரமே மூட்டையைக் கொட்டிப் பார்த்தேன்."

"எம்புட்டு இருந்துச்சு டீச்சர்?"

"கேக்காத" என்று சொல்லிவிட்டு டீச்சர் உள்ளே போய்விட்டார்.

திரும்பும்போது பஸ்சு நிறுத்தத்தில் அழகுமலை டீ குடித்துக்கொண்டிருந்தார். அன்னக்கொடி அவர் எதிரே போய் நின்றாள்.

"அண்ணே, எங்க ரெண்டு பேர் பேரையும் அடிச்சிருங்க" என்றாள்.