பெட்டி வாசல்

எங்கள் தேவாலயத்துக்குள் சக்கரத்தில் உருண்டு போகும் சலுகை நெடுங்காலமாகச் செத்தவர்களுக்கு மட்டுமே இருந்தது. முன்வாசலில் ஒன்பது படிகள். பக்கவாட்டில் சவப்பெட்டி வண்டிக்கென்று ஒரு சரிவுப் பாதை. பெட்டி தூக்குகிறவர்களின் இடுப்பு ஒடிகிறதே என்று யாரோ புண்ணியவான் கட்டி வைத்தது. அதன் முடிவில் இருந்த கதவுக்குப் பெட்டி வாசல் என்று பெயர். உயிரோடு இருப்பவர்கள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள்.

என் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, அங்கே இருபத்தாறு வருடம் ஆர்கன் வாசித்தவள். மற்ற ஆறு நாளும் தையல்காரி. பாடகர் குழுவின் அங்கிகளை அவள்தான் தைப்பாள். யாருக்கு எத்தனை அங்குலம் தொப்பை என்பது அவள் நோட்டில் இருந்ததால், சபையில் யாரும் அவளிடம் வாலாட்டுவதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் முதுகில் ஒரு அறுவை சிகிச்சை. அதன்பின் கால்கள் அவள் பேச்சைக் கேட்கவில்லை. ஆர்கன் மின்சாரத்தில் ஓடுவது, கைகள் போதும். சிக்கல், அதனிடம் போய்ச் சேருவதில்தான்.

ஏழு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பி வந்தபோது, அவள் தேவாலயத்துக்குப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. காரணம், பல்லக்குக் கமிட்டி. ஞாயிறுதோறும் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு படியேறிய நான்கு ஆண்களுக்கு அவளே வைத்த பெயர். தலைமை, சபைச் செயலாளர். ஒரு ஞாயிறு, ஆறாவது படியில் அவளை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு சபைப் பத்திரிகைக்கு போட்டோ எடுத்தார்கள். நால்வரும் சிரித்தார்கள். ஒருவருக்குக் கை வியர்த்து வழுக்கியது. நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது.

"நான் என்ன, நீங்க ஜெயிச்சிட்டு வந்த கோப்பையா? எறக்குங்கய்யா" என்றாள் அத்தை. "இனிமே என் சக்கரத்துல நானா வந்தா வருவேன். இல்லன்னா பெட்டியிலதான் வருவேன்."

அவள் இடத்தில் ஒரு பென் டிரைவை உட்கார வைத்தார்கள். அது ஒழுங்காகத்தான் பாடியது. ஒரு வாரம் மட்டும், துதிப்பாடல் முடிந்த கையோடு யாரோ உடற்பயிற்சிக்கு ஏற்றி வைத்திருந்த பாட்டு தொடங்கி, "முட்டியை உயர்த்து" என்று பீடத்தைப் பார்த்து அதட்டியது.

அந்த மூன்று மாதத்தில், அத்தைக்காக முன்வாசல் படிகளின் மேல் ரேம்ப், அதாவது ஒரு சரிவுப் பாதை, கட்டுவது பற்றிச் சமூகக்கூடத்தில் மூன்று கூட்டம் நடந்தது. சமூகக்கூடம் மாடியில். ஏற இருபத்திரண்டு படிகள். ஆகவே ரேம்ப் யாருக்கு வேண்டுமோ அவளைத் தவிர எல்லோரும் பேசி முடித்தார்கள். நான் வந்த வாரம்தான் ரேம்ப் வந்தது. நான்கு பேர் தோளோடு தோள் நிற்கும் அகலம். ஏணியைச் சாய்த்து வைத்த மாதிரி செங்குத்து.

"இதுல நான் எப்படி ஏறுவேன்?"

"நீங்க எதுக்கு ஏறணும் சிஸ்டர்?" என்றார் செயலாளர், நிஜமாகவே புரியாமல். "நாங்க நாலு பேரு தள்ள மாட்டோமா?"

செய்து காட்ட அவரே நாற்காலியில் உட்கார்ந்தார். மூவர் தள்ளினார்கள். பாதி வழியில் ஒருவருக்குத் தும்மல் வந்தது. செயலாளர் பின்னோக்கி வந்து ரோஜாத் தொட்டியில் நின்றார். கணுக்கால் பிசகியது. கோபம் அத்தையின் மேல் திரும்பியது. ஆள் வராத ஆர்கன் எதற்கு இடத்தை அடைக்கிறது, அடுத்த திங்கட்கிழமை அதை மாடிக்கு ஏற்றிவிடலாம் என்று முடிவானது. மாடிக்குப் போனால் அத்தைக்கும் அதற்கும் உறவு முடிந்தது. அன்று அவள் இரண்டு சட்டைகளுக்குக் கையை மாற்றித் தைத்தாள். நான் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை சவப்பெட்டி செய்கிறவர் அத்தையின் தையல் கடைக்கு வந்தார். பெட்டிக்குள் விரிக்கும் சாட்டின் துணியைத் தைத்துக் கொடுப்பதும் அத்தைதான். கதை கேட்டுவிட்டு அவர் உச்சுக்கொட்டினார்.

"சரிவுன்னா ஒரு அடி உசரத்துக்குப் பன்னெண்டு அடி நீளம் வேணும்க்கா. பெட்டி வாசலைப் பாருங்க, அளந்து கட்டினது. என் ஆளுங்க ஒருத்தர்கூட பின்னாடி உருண்டதில்ல."

அத்தை கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "சாவி யார்கிட்ட இருக்கு?"

"எங்கிட்டதான்."

கடையில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அது சாவு வாசல்டி! அபசகுனம்."

"அண்ணே, அந்த வாசல்ல போனதால யாரும் சாகல. போறப்பவே செத்துத்தான் இருந்தாங்க."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை தொடங்கிய பிறகு அத்தையும் பெட்டிக்காரரும் நானும் பக்கவாட்டுச் சரிவுக்குப் போனோம். பெட்டிக்காரர் கதவை விரியத் திறந்து வைத்தார். நான் நாற்காலியில் கை வைக்கப் போனேன்.

"தொட்டே, விரலை வெட்டுவேன்."

ஆகவே அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். உள்ளங்கை சிவந்துவிட்டது. நாங்கள் மறந்துபோன ஒருவர் இருந்தார்: மணி அடிப்பவர். கோபுர அறையின் ஜன்னல் வழியாக அவருக்குத் தெரிவது பெட்டி வாசலின் மேல் பாதி மட்டும். அது திறந்தால் சாவு மணி. இருபது வருடப் பழக்கம். கயிற்றைப் பிடித்து இழுத்தார்.

டாங். நீண்ட இடைவெளி. டாங்.

உள்ளே பிரசங்கம் நின்றது. சபை மொத்தமும் எழுந்து தலை குனிந்தது. "யாருப்பா? சொல்லவே இல்லையே" என்று முணுமுணுப்பு. ஊன்றுகோலோடு நின்ற செயலாளர், துக்கத்துக்குரிய முகத்தை அவசரமாக எடுத்து மாட்டிக்கொண்டார். அதற்குள் என் அத்தை, பச்சைப் புடவையில், வியர்த்து வழிய, தன் கையால் தன்னை உருட்டிக்கொண்டு வந்தாள்.

யாருக்கும் உட்காரத் தோன்றவில்லை. ஒரு பெண்மணி சிலுவை போட்டுக்கொண்டார். அத்தை நேராக ஆர்கனிடம் போனாள். பென் டிரைவைப் பிடுங்கி என்னிடம் நீட்டினாள். மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

"அந்த மனுஷனை யாராவது நிறுத்தச் சொல்லுங்க. நான் வாசிக்கணும்."

பாதிரியார்தான் முதலில் சிரித்தார். பிறகு அவள் வாசித்தாள். மூன்று மாதத் தூசியில் இரண்டு கட்டைகள் ஒட்டிக்கொண்டன. அவள் நிறுத்தவில்லை.

திங்கட்கிழமை ஆர்கன் மாடிக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிறு பெட்டி வாசலில் ஒரு தள்ளுவண்டிக் குழந்தையும், மூட்டுவலிக்காரர்கள் மூவரும் வந்தார்கள். ஐந்தாவதாக, யாரையும் பார்க்காமல், செயலாளர்.

"வாங்க, வாங்க" என்றாள் அத்தை. "தள்ளிவிட ஆள் வேணுமா?"

கூட்டங்கள் இப்போது கீழே, தேவாலயத்திலேயே நடக்கின்றன. அவள் எல்லாவற்றுக்கும் போகிறாள், பலர் வருந்துகிறார்கள். முன்வாசல் ரேம்ப் பிள்ளைகளுக்குச் சறுக்குமரமாக நன்றாகப் பயன்படுகிறது.

போன வாரம் ஒரு அடக்க ஆராதனை. வாசிக்க வேண்டியவள் அத்தை. தாமதமாகி, சரிவின் பாதியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பின்னால் பெட்டி வண்டி வந்து நின்றது.

"கொஞ்சம் இருப்பா, வழி விடுறேன்" என்றாள்.

"மெதுவா போங்கக்கா" என்றார் பெட்டிக்காரர். "இவருக்கு ஒண்ணும் அவசரமில்ல."